வெடித்த கணக்குகள்

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். கோபம் அப்படியே இருக்கிறது. அதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

நான் உனக்கு எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. நீ எங்கள் ஆபீஸுக்கு வந்து உன் புது புரோகிராமின் திரையை மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். போனில் கத்தலாம் என்றால் குடியிருப்பில் சிக்னல் கிடையாது, மலை மறைக்கிறது. சுரங்கத்தில் வெடி வைப்பதால் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆபீஸ் போன் மேலாளர் மேஜையில். ஆகவே கடிதம். வாரம் ஒரு தடவை டவுனுக்குப் போகும் கம்பெனி பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் மறக்காமல் தபாலில் போட்டால் என் அதிர்ஷ்டம்.

சேற்றுக் குளத்துக் கரை தாங்குமா என்று கணக்குப் போடும் பிரிவில் நாலு பேர் இருந்தோம். மூன்று பேருக்கு ஒரே நாளில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள், திரையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். இப்போது என் வேலை என்ன தெரியுமா? கரை பத்திரம் என்பதற்கான பச்சை எரிகிறதா என்று பார்ப்பது. எரிகிறது. காலையில் வந்து பார்த்தால் பச்சை, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பச்சை. இன்ஜினியரிங் படித்த மருமகள் என்று உங்கள் அம்மா பீற்றிக்கொண்டார்களே, அவர்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பச்சையைப் பார்ப்பது எனக்குச் சிரமமில்லை. மேலாளர் அதை வைத்து விளையாடுவதுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் சேற்றுக் குளத்தின் கரையை ஒரு அடி உயர்த்த வேண்டுமென்றால் எங்களிடம் வந்து நிற்பார். பழைய புரோகிராமில் கணக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். கிழம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். விடிய விடிய முனகிக்கொண்டு காலையில்தான் பதில் சொல்லும். அந்த ஒரு ராத்திரியில் அவருக்கும் கொஞ்சம் யோசனை வரும். இப்போது திரையில் உயரத்தை விரலால் இழுக்கிறார். பச்சை. இன்னும் கொஞ்சம் இழுக்கிறார். பச்சை. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்கிறார், புது பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி. சுரங்கத்திலிருந்து வரும் கழிவுச் சேறு முழுக்க அந்தக் கரைக்குப் பின்னால்தான் நிற்கிறது என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது.

சொல்ல வந்தது இதுதான். கரையின் அடியில் மண் ஈரமாக இருக்கிறது. கால் வைத்தால் கொஞ்சம் அமுங்குகிறது. உன் அண்ணன் நாள் முழுக்க அங்கேதான் புல்டோசர் ஓட்டுகிறார். உன் செல்லப்பிள்ளையான அந்தத் திரை பச்சை என்கிறது. நான் நம்பலாமா? கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். பதில் போடு.

அண்ணி

*

ஜூன் 11

அண்ணி,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் பிரித்தேன். படித்து முடித்தபோது அந்த சந்தோஷம் இல்லை.

மூன்று பேருக்கு வேலை போனது என் முடிவல்ல. எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவும் இல்லை. இதை அண்ணனிடம் சொல்லத்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன். "என் பொண்டாட்டி வேலைக்கே உலை வெச்சுட்டு என் வீட்டுலயே வந்து சாப்பிடறியா" என்று கேட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம்பலாம்.

கிழம் ஒவ்வொரு கணக்கையும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்க்கும். கரையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது, மண் எவ்வளவு தாங்குகிறது என்று சமன்பாடு எழுதி, பக்கத்துத் துண்டோடு ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பத் திருத்தும். நேற்று போட்ட கணக்கிலிருந்து இன்றைக்கு ஒன்றையும் கற்றுக்கொள்ளாது. நாங்கள் செய்தது வேறு. நீங்கள் நாலு பேரும் இத்தனை வருஷமாகக் கிழத்தை வைத்துத் தீர்த்த எல்லாக் கணக்கையும் காட்டிப் பழக்கினோம். மழையும் மண்ணும் உயரமும் இப்படி இருந்தால் கரைக்குள் அழுத்தம் இப்படிப் பரவும் என்று, கேள்வியின் முழுப்படத்திலிருந்து பதிலின் முழுப்படத்துக்குப் போகும் வழியையே அது பிடித்துக்கொண்டது. நியூரல் ஆப்பரேட்டர் என்று பெயர். சமன்பாட்டை அது தீர்ப்பதில்லை. தீர்ந்தால் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். அதனால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடவில்லை. உங்கள் கணக்குகளில் ஒரு பகுதியைக் காட்டாமல் ஒளித்துவைத்து, பிறகு அதைக் கொடுத்துச் சோதித்தோம். கிழம் சொன்னதற்கும் இது சொன்னதற்கும் வித்தியாசம் நூலளவு. எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனித் தலைவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார்.

மழைக்காலத்தில் மண் ஈரமாகத்தான் இருக்கும். மனசு கேட்கவில்லை என்றால் கரையில் இறக்கியிருக்கும் நீர்மட்டக் குழாய்களில் அளந்து பாருங்கள். திரை சொல்வதோடு ஒத்துப்போகும். போனால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், போதும்.

அண்ணன் மதியம் மாத்திரை போட்டுக்கொள்கிறாரா?

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 20

நாத்தனாருக்கு,

மாத்திரை போடுகிறார். நான் எடுத்துக் கையில் கொடுத்தால் போடுகிறார். இல்லாவிட்டால் "அப்புறம்".

அன்றைக்கு நான் வாய் திறக்காதது தப்புதான். திறந்திருந்தால் உனக்காகப் பேசியிருப்பேனா, அவரோடு சேர்ந்து உன்னைத் திட்டியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் திறக்கவில்லை.

குழாயில் அளந்தேன். ஒத்துப்போகவில்லை. வலது பக்கக் குழாய்கள் பரவாயில்லை. இடது பக்கத்தில் இரண்டு குழாயிலும் தண்ணீர் உன் பிள்ளை சொல்வதைவிட நன்றாக மேலே நிற்கிறது. மேலாளரிடம் போனேன்.

"சார், லெஃப்ட் சைடு குழாய்ல தண்ணி ஏறியிருக்கு. திரையில அது வரல."

"குழாய் அடைச்சிருக்கும்மா. அது போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ரெண்டு குழாயும் ஒரே நேரத்துல அடைக்குமா சார்?"

"நீங்க மெனக்கெட்டு குறை கண்டுபிடிக்கிறீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது. பழைய வேலை போன வருத்தம் யாருக்கும் இருக்கும்."

அவருக்கு என் மனசு புரிகிறதாம். மறுநாள் குழாய்களைப் பார்க்கவே வேண்டாம் என்று ஆர்டர் போட்டுவிட்டார். திரை இருக்கும்போது எதற்குக் குழாய் என்கிறார். கரை இன்னும் ஒரு தடவை உயர்ந்துவிட்டது.

இன்னொன்று. அடியில் கசியும் தண்ணீர் முன்பு தெளிவாக இருக்கும். இப்போது கலங்கி வருகிறது. மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அண்ணனிடம் சொன்னால், "டீயும்தான் கலங்கி வருது, குடிக்கலியா" என்கிறார். அவரும் பக்கத்து வீட்டு மொட்டையும் சேர்ந்தால் எல்லாமே அவர்களுக்குச் சிரிப்புதான். மொட்டை சின்ன பொக்லைன் ஓட்டுகிறவர். பெண்டாட்டி போனபிறகு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என் ரசத்தைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார்.

டீ என்றதும் பழைய ஞாபகம் வந்தது. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குச் சொன்னதில்லை. கிழம் சில ராத்திரி கணக்கை முடிக்காது. எண்கள் ஒத்துப்போகாமல் பெரிசாகிப் பெரிசாகி, கடைசியில் திரை முழுக்க அர்த்தமில்லாத எண்ணாகி நின்றுவிடும். வெடிச்சிடுச்சு என்போம். யாருடைய கணக்கு வெடித்ததோ அவர் மற்ற மூன்று பேருக்கும் டீ, வடை வாங்க வேண்டும். அதற்குப் பயந்து எல்லோரும் விடியற்காலையிலேயே ஓடி வருவோம். வெடித்திருந்தால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, மழையைக் கொஞ்சம் குறைத்து, உயரத்தைக் கொஞ்சம் இறக்கி மறுபடி ஓடவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்போம். கண்ணாடி என்று ஒருத்தர் இருந்தாரே, அவர் அழிப்பதில் மன்னன். ஒரு தடவைகூட டீ வாங்கியதில்லை. ஆபீஸிலும் இடம் அடைக்கிறது, வெடித்ததை வைத்திருக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று பேரும் இப்போது எங்கே, யாருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்களோ.

கலங்கல் தண்ணீரைப் பற்றி உன் தலைவரிடம் கேட்டுச் சொல்.

அண்ணி

*

ஜூன் 26

அண்ணி,

இதைப் படித்ததும் முதலில் அண்ணனைக் கரையின் அடிக்குப் போகவிடாமல் நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு படியுங்கள்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் வைத்துப் படித்தேன். டீ கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடிக்கக்கூட இல்லை. அப்படியே எழுந்து போய் நீங்கள் அனுப்பிய எல்லாக் கணக்கையும் திறந்தேன். ஒன்றுகூட விடாமல் பார்த்தேன். வெடித்தது ஒன்றுமே இல்லை அண்ணி. ஒன்றுமே இல்லை.

கிழம் ஏன் வெடிக்கிறது? சில சமயம் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருப்பீர்கள், அது வேறு. ஆனால் மழையைக் குறைத்து உயரத்தை இறக்கினால் சரியாகிவிட்டது என்கிறீர்களே, அந்தக் கணக்குகளில் தப்பு எதுவும் இல்லை. அந்த மழைக்கும் அந்த உயரத்துக்கும் கரை நிற்க வழியே இல்லை. நிற்காத கரைக்குக் கிழம் எங்கிருந்து ஒத்துப்போகும் எண்ணைக் கொண்டுவரும்? கரை விழுகிறது என்பதைத்தான் அது தன் பாஷையில் சொல்லியிருக்கிறது. நீங்கள் அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறீர்கள்.

உங்களை மட்டும் சொல்லி என்ன? "சுத்தமானதை மட்டும் அனுப்புங்கள், முடியாமல் நின்றது வேண்டாம்" என்று நான்தான் மெயில் எழுதியிருக்கிறேன். தேடி எடுத்துப் பார்த்தேன். கீழே என் பெயர்தான் இருக்கிறது.

ஆக என் பிள்ளை தன் ஆயுளில் விழுந்த கரையைப் பார்த்ததே இல்லை. நிற்கும் கரைகளை மட்டுமே பார்த்து வளர்ந்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும், பார்த்ததிலேயே அதற்கு நெருக்கமான ஒரு நிற்கும் கரையைத்தான் காட்டும். மேலாளர் உயரத்தை வானம்வரை இழுத்தாலும் பச்சைதான் எரியும். ஒளித்துவைத்துச் சோதித்தோம் என்று பெருமையாக எழுதினேனே, அந்த ஒளித்துவைத்ததும் இதே குவியலிலிருந்து எடுத்ததுதான். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உடனே ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்தேன். மேலாளர்தான் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், இப்ப திரையைத்தான் பாத்துட்டிருக்கேன், பச்சையா இருக்கு" என்றார். எங்கள் தலைவர், ஒப்பந்தப்படி அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை எழுத்தில் எதுவும் கொடுக்காதே என்கிறார். சுரங்க ஆய்வாளர் அலுவலகத்துக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன். ஜூலை 20க்குமேல் ஆள் அனுப்புவார்களாம்.

கிழம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் இன்றைய உயரத்தையும் இன்றைய குழாய் அளவையும் கொடுத்து ஓடவிடுங்கள். வெடித்தால் அழிக்காதீர்கள்.

நாத்தனார்

*

ஜூலை 3

நாத்தனாருக்கு,

வெடித்துவிட்டது.

கிழத்தை ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். தூசி தட்டி மாட்டினேன். கைக்கு வந்த பழைய வேலை, சந்தோஷமாகக்கூட இருந்தது, அதைச் சொன்னால் நீ என்ன நினைப்பாயோ. காலையில் வந்து கதவைத் திறந்தபோது திரையில் அந்த எண்கள் வரிசையாக நின்றன. கை தன்னால் அழிக்கிற பட்டனுக்குப் போனது. அத்தனை வருஷப் பழக்கம். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எண்ணில் தப்பு இருக்குமோ என்று சரிபார்த்து மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் வெடித்தது. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

"இது என்னம்மா? எண்ணே இல்லையே இதுல."

"அதுதான் சார் பதிலே. இந்த உயரத்துக்குக் கரை நிக்காதுன்னு அர்த்தம்."

"பழைய சாஃப்ட்வேர் கோளாறு பண்ணுதுன்னு அர்த்தம். நீங்களே எத்தனை தடவை வெடிச்சதைத் தூக்கிப் போட்டிருக்கீங்க? அப்போ எல்லாம் குப்பை, இப்போ மட்டும் வேதவாக்கா?"

அவர் சொன்னது உண்மைதானே. இத்தனை வருஷத்தில் நாலு பேரில் ஒருத்தராவது வெடித்த கணக்கைத் தூக்கிக்கொண்டு இவர் அறைக்குள் போயிருந்தால் இன்றைக்கு நான் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க மாட்டேன். ஒரு டீக்கும் வடைக்கும் கணக்குப் பார்த்தோமே பாவிகள்.

சைரனை நானே அழுத்திவிடலாம் என்று பார்த்தேன். முன்பு எங்கள் அறையில் ஒரு பட்டன் இருந்தது. இப்போது அதையும் உன் திரையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சிவப்பு எரிந்தால்தான் ஊதும். சிவப்பு எப்போது எரியும் என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் கடிதங்களையும் சேர்த்து. முதலில் எனக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டீர்களா என்று குதித்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

"லீவு போடுங்க. மூணு வாரம். ஆய்வாளர் வர்ற வரைக்கும்."

"நான் லீவு போட்டா வேற எவனையாவது இறக்குவான். அவன் மட்டும் சாகலாமா?"

"எல்லாருமா சேர்ந்து இறங்க மாட்டோம்னு சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? என் தங்கச்சி செஞ்ச மெஷின் தப்புன்னா? உன்னோட பழைய மெஷின் சரின்னா? உனக்கு உன் நாற்காலி திரும்ப வேணும், அதுக்கு ஊரையே பயமுறுத்தறேன்னு ஏற்கெனவே பேசிக்கிறாங்க. எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோணுச்சு."

நாத்தனாரே, கட்டியவர் வாயிலிருந்து அதைக் கேட்டேன். அழவில்லை. அவருக்குச் சாதம் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

இப்போது கரை அடியில் கசிவுக்குக் கால்வாய் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். அடி மண்ணைத் தோண்டி எடுக்கப்போகிறார்கள். அடியைத் தோண்டலாமா என்று உன் பிள்ளையிடம் கேட்டார் மேலாளர். என்ன நிறம் வந்தது என்று எழுத எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஏதாவது செய். நீ பெற்றதுதானே, நீயே சொல்லிப் பார்.

அண்ணி

*

ஜூலை 8

அண்ணி,

செய்திருக்கிறேன். சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை.

சிவப்பு காட்ட வைக்க என்னால் முடியவில்லை. அதற்கு விழுந்த கரைகளை அது பார்த்திருக்க வேண்டும். கிழத்தை ஓடவிட்டு அத்தனை கணக்கையும் புதிதாக உண்டாக்க மாசக்கணக்கில் ஆகும். அதனால் வேறொன்று செய்தேன். கொடுக்கிற மழை, உயரம், மண் எல்லாம் அது பழகியதற்கு வெகுதூரத்தில் இருந்தால், பதில் சொல்லாமல் தெரியாது என்று சொல்ல வைத்திருக்கிறேன். அப்போது திரை பச்சைக்குப் பதில் சாம்பல் நிறமாகும். இன்றைய உங்கள் கரையை நானே கொடுத்துப் பார்த்தேன். சாம்பல்தான்.

தலைவரைக் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார். உங்கள் திரைக்குள் போக எனக்கு இன்னும் வழி இருக்கிறது, 13ஆம் தேதி இரவு மாற்றிவிடுகிறேன். என் வேலை போகலாம். போகட்டும். அந்த மூன்று பேருக்குப் போனதுதானே.

நான் வரட்டுமா அண்ணி? அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, அவர் வண்டி முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். சின்ன வயசில் அவர் சைக்கிளை எடுக்கவிடாமல் அப்படித்தான் முன்சக்கரத்தைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். திட்டிக்கொண்டே என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். அவர் என்னைத் திட்டி எவ்வளவு நாளாகிறது.

இரவில் கண்ணை மூடினால் பச்சை தெரிகிறது. தூக்கமே வருவதில்லை.

வரச் சொல்லி ஒரு வரி எழுதினால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன். நீங்கள் எழுதாமல் வந்தால் உங்களுக்குத்தான் வீட்டில் சங்கடம் என்று தயங்குகிறேன்.

நாத்தனார்

*

ஜூலை 14

நாத்தனாருக்கு,

இன்றைக்குப் பஸ் நாள். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் வந்ததும் திரை சாம்பலாக இருந்தது. உன்னை நினைத்துக் கும்பிட்டேன். மேலாளரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

"இது என்ன கலர்?"

"தெரியாதுன்னு அர்த்தம் சார். இந்த நிலைமைக்கு அதால பதில் சொல்ல முடியாதாம்."

"சிவப்பு இல்லையே?"

"சிவப்பு இல்ல சார், ஆனா..."

"சைரன் அடிக்கலையே?"

"இல்ல."

"அப்புறம் என்ன? தெரியாதுங்கறதுக்காக வேலையை நிறுத்த முடியுமா? எனக்குந்தான் எத்தனையோ தெரியாது. கால்வாயை இன்னைக்கு முடிக்கச் சொல்லுங்க."

இவ்வளவுதான். உன் தூக்கம், உன் வேலை எல்லாவற்றுக்கும் அவரிடம் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன் அண்ணனின் புல்டோசர் சாவி ஆணியில் மாட்டியிருந்தது. அவர் குளிக்கப் போனபோது எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதுதான் இங்கே மேலே ஆபீஸுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்.

"சாவியைப் பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்? நேத்து மொட்டையோட சீட்டு ஆடின இடத்துல பாருங்க."

"என்னைப் பாத்துச் சொல்லு."

"பாத்துத்தானே சொல்றேன்."

பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். என் காதையே பார்த்தார். அப்புறம் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அவருக்கும் பயம் வந்துவிட்டதோ என்னவோ. தேடட்டும். சாயங்காலம்வரை தேடட்டும். குடியிருப்பு மேட்டில் இருக்கிறது, அங்கே இருந்தால் எனக்குக் கவலையில்லை. நாளைக்கு என்ன செய்வது என்று நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வரவேண்டாம். இப்போது வந்தால் இன்னும் முறுக்கிக்கொள்வார். நானே பேசி, நானே கூப்பிடுகிறேன். கொஞ்சம் பொறு. அவருக்கு உன்மேல் பாசம் போகவில்லை. முந்தாநாள் உன் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, அவளுக்குத் தூக்கம் வரலைன்னு எழுதியிருக்காளா என்று தானாகவே கேட்டார்.

கீழே வண்டிச் சத்தம் கேட்கிறது. அவர் சாவி என்னிடம்தானே இருக்கிறது, யார் வண்டி என்று எட்டிப் பார்த்தேன். மொட்டையின் பொக்லைன். புல்டோசர் வராததால் மேலாளர் அவரை இறக்கிவிட்டிருக்கிறார். இடது பக்க அடியில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

உன் அண்ணனை மட்டும் நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிட்டேன் பார். இன்னொருத்தனை இறக்குவான் என்று அவர் சொன்னாரே, அது என் மண்டையில் ஏறவேயில்லை.

இங்கிருந்து கத்தினால் கேட்காது. நான் கீழே போய் அவரை இறக்கிவிட்டு வருகிறேன். வந்து முடிக்கிறேன்

*

ஜூலை 14, சாயங்காலம்

தங்கச்சி,

இது உன் அண்ணி மேஜையில் இருந்தது. முழுசும் படித்தேன். மிச்சப் பக்கத்தில் நான் எழுதுகிறேன்.

கரை இடது பக்கம் சரிந்து இறங்கிவிட்டது. மொட்டை தப்பித்துவிட்டான். இவள் போய் அவனை வண்டியிலிருந்து இழுத்து இறக்கி, ஓடுங்க ஓடுங்க என்று முதுகில் தள்ளினாளாம். அவன் ஓடினான். பின்னாடியே வருகிறாள் என்று நினைத்தானாம்.

தோண்டிக்கொண்டிருக்கிறோம். மண்வெட்டியால்தான். பொக்லைன் சேற்றுக்கு உள்ளே போய்விட்டது. என் வண்டி மேலே சும்மா நிற்கிறது, சாவி அவளிடம் இருக்கிறது. பூட்டை உடைத்துக் கிளப்ப மெக்கானிக் டவுனிலிருந்து வரவேண்டுமாம். என் கை கிழிந்துவிட்டது என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பஸ் டிரைவர் எனக்காக நிற்கிறார், அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

சைரன் அடிக்கவில்லை. திரையைப் போய்ப் பார்த்தேன், சிவப்பு வரவில்லை.

அவள் காது சிவந்திருந்தது. எனக்குத் தெரியும் சாவி அவளிடம்தான் என்று. தெரிந்தும் பேசாமல் வந்து வீட்டில் தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இறங்க மனசில்லை.

நீ கிளம்பி வா.

அண்ணன்